டயாலிசிஸில் இருப்பவருக்குப் பொட்டாசியம் ஏன் ஏறுகிறது, என்ன செய்யலாம்

காய்ச்சல் என்றால் இளநீர், வயிற்றுப்போக்கு என்றாலும் இளநீர், வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் கேட்கவே வேண்டாம். நம் ஊரில் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகிறவர் கையில் இளநீரோ ஆரஞ்சோ ஒரு சீப்பு வாழைப்பழமோ இருக்கும். டயாலிசிஸ் தொடங்கியவரிடம் முதல் வாரமே "இதெல்லாம் தொடக் கூடாது" என்று சொல்லப்படுவதும் இவற்றைத்தான். ஏன் என்று கேட்டால் "பொட்டாசியம் ஏறிடும்" என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடும். ஏறினால் என்ன ஆகும், சாப்பாட்டைத் தவிர வேறு எதனால் ஏறும் என்பதையெல்லாம் உட்கார்ந்து விளக்க டயாலிசிஸ் யூனிட்டில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அதனால் வீட்டில் இருப்பவர்கள் ஒரு பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டு பயத்தோடு சமைக்கிறார்கள். பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு தெரிந்தால் பயம் பாதி குறையும். எங்கே உண்மையிலேயே பயப்பட வேண்டும் என்பதும் தெரியும்.

உடம்புக்குள் எங்கே இருக்கிறது

பொட்டாசியம் விஷம் ஒன்றும் இல்லை. தசை சுருங்கவும் நரம்பு வேலை செய்யவும் இதயம் துடிக்கவும் அது வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் மொத்தமாகச் சுமார் 135 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதில் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளே, பெரும்பாலும் தசைகளில் இருக்கிறது. இரத்தத்திலும் செல்களைச் சுற்றியுள்ள நீரிலும் இருப்பது வெறும் 2 சதவீதம், அதாவது இரண்டரை கிராம் அளவுக்குத்தான். லேப் ரிப்போர்ட்டில் வரும் பொட்டாசியம் எண் இந்த இரண்டரை கிராமைப் பற்றியது.

இப்போது இளநீரைப் பாருங்கள். 100 மில்லியில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை பொட்டாசியம் உண்டு. காய்க்குக் காய் மாறும். 300 மில்லி தண்ணீர் உள்ள ஒரு காயைக் குடித்தால் 600, 700 மில்லிகிராம் உள்ளே போகிறது. வெளியே இருக்கும் மொத்தச் சரக்கே இரண்டரை கிராம் என்னும்போது, ஒரே மூச்சில் அதில் கால் பங்கு கூடுதலாக வந்து சேருகிறது.

நல்ல உடம்பில் இதனால் ஒன்றும் ஆகாது. சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளிவிடும். அட்ரினலினும் அதே வேலையைச் செய்யும். பிறகு சிறுநீரகம் நிதானமாக மிச்சத்தை வெளியேற்றும். தினமும் வெளியேற வேண்டிய பொட்டாசியத்தில் 90 சதவீதம் சிறுநீர் வழியாகவும் மீதி மலம் வழியாகவும் போகிறது.

செல்லுக்குள் பொட்டாசியத்தை அடைத்து வைப்பது செல் சவ்வில் இருக்கும் ஒரு பம்ப். மூன்று சோடியம் அயனியை வெளியே தள்ளிவிட்டு இரண்டு பொட்டாசியம் அயனியை உள்ளே இழுக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ 1957-ல் இதைக் கண்டுபிடித்தார். 1997-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உள்ளே அதிகம், வெளியே குறைவு என்ற இந்த வித்தியாசத்தால்தான் செல் சவ்வில் மின்னழுத்தம் நிற்கிறது. அந்த மின்சாரத்தில்தான் இதயம் ஓடுகிறது. வெளியே பொட்டாசியம் ஏற ஏற வித்தியாசம் குறைகிறது, மின்சாரம் தடுமாறுகிறது. இசிஜியில் முதலில் டி அலை கூடாரம் போல உயர்ந்து நிற்கும், அப்புறம் பி அலை தட்டையாகும், பிறகு கியூஆர்எஸ் என்னும் நடு அலை அகன்றுகொண்டே போகும். கடைசியில் துடிப்பே நின்றுவிடலாம். உயர் பொட்டாசியத்தை மருத்துவர்கள் இவ்வளவு கண்டிப்போடு பார்ப்பதற்கு இதுதான் காரணம். யூரியா, கிரியாட்டினின் போன்ற கழிவுகள் ஏறினால் ஆள் மெல்ல மெல்லச் சோர்ந்து போவார். பொட்டாசியம் ஒரே இரவில் ஆளைக் கொண்டுபோய்விடும்.

வாரக் கணக்கு

சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொட்டாசியம் வெளியேற மூன்று வழிகள்தான் மிச்சம்: டயாலிசிஸ், மலம், கொஞ்சநஞ்சம் சிறுநீர் போகிறவராக இருந்தால் அது.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். ஒருவர் நாளுக்கு இரண்டரை கிராம் பொட்டாசியம் சாப்பிடுகிறார் என்றால் வாரத்துக்கு பதினேழரை கிராம். நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றில் வெளியேறுவது ஏறக்குறைய 3 கிராம், கூடினால் 4. வாரம் மூன்று முறை செய்தால் 9 முதல் 12 கிராம். மீதி 5, 8 கிராம் மற்ற வழிகளில் போயாக வேண்டும். வாரம் இரண்டு முறைதான் என்றால் டயாலிசிஸில் போவது 6 முதல் 8 கிராம். இந்தியாவில் செலவு, தூரம், வேலை என்று பல காரணங்களால் வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், 2016-ல் மத்திய அரசு அறிவித்த தேசிய டயாலிசிஸ் திட்டமும் வந்தபின் பணச் சுமை பலருக்குக் குறைந்திருக்கிறது. இருந்தாலும் ஊரிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வருவது எல்லோராலும் முடிகிற காரியமாக இல்லை.

இந்தக் கணக்கை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பொட்டாசியம் என்றதும் எல்லோர் கண்ணும் தட்டின் மேலேயே இருக்கிறது. வெளியே போகும் வழிகளை யாரும் பார்ப்பதில்லை. என் கணிப்பில் வீட்டில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கம்தான்.

முதல் பிழை, டயாலிசிஸ் நேரத்தைச் சுருக்குவது. "தலை சுத்துது, அரை மணி முன்னாடியே எடுத்துடுங்க" என்று கேட்பது யூனிட்டில் சகஜம். முதல் ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் இருக்கும் பொட்டாசியம் வேகமாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் அது அந்த இரண்டரை கிராம். செல்லுக்குள் இருப்பது மெதுவாகத்தான் வெளியே வரும். வந்த பிறகுதான் மெஷினால் எடுக்க முடியும். டயாலிசிஸ் முடிந்து சில மணி நேரத்தில் உள்ளே இருப்பது மறுபடி இரத்தத்துக்குக் கசிந்து வந்து எண் ஓரளவு ஏறிவிடும். அதனால் மெஷினை விட்டு எழுந்த உடனே எடுத்த இரத்தத்தில் பொட்டாசியம் 3.4 என்று வந்தால் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. சில மணி நேரம் கழித்து எடுத்தால் அது வேறு எண்ணாக இருக்கும்.

இரண்டாவது, நீண்ட இடைவெளி. திங்கள், புதன், வெள்ளி செய்கிறவருக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே இருப்பதுதான் ஆபத்தான நேரம். அமெரிக்காவில் 32,000 டயாலிசிஸ் நோயாளிகளின் தகவலை வைத்துச் செய்து 2011-ல் வெளியான ஆய்வில், நீண்ட இடைவெளி முடிகிற நாளில் இறப்பு மற்ற நாள்களைவிட அதிகமாக இருந்தது. தண்ணீர் சேர்வதும் அதற்கு ஒரு காரணம், பொட்டாசியம் இன்னொன்று. நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு, கல்யாணம், சொந்தக்காரர் வீட்டு விருந்து. இடைவெளியின் கடைசி நாளும் அதேதான். விருந்துக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. ஒரே பழத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பிடுவதும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிடுவதும் ஒன்றாகாது என்பதை மனதில் வைத்தால் போதும். தீபாவளி, பொங்கல் விடுமுறையில் ஒரு முறை தள்ளிப்போட்டால் இடைவெளி எவ்வளவு ஆகிறது என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது மலச்சிக்கல். இதைப் பற்றி டாக்டரிடம் சொல்லவே பலருக்குக் கூச்சம். சிறுநீரகம் கைவிட்டதும் பெருங்குடல் தன்னால் முடிந்த அளவு கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்றப் பழகிக்கொள்கிறது. சாதாரணமாகப் பத்தில் ஒரு பங்கு போகும் இடத்தில், டயாலிசிஸ் நோயாளிக்கு உட்கொள்வதில் கால் பங்குக்கு மேலேயே மலத்தில் போகலாம். ஆனால் தண்ணீர் அளவோடு குடிப்பது, இரும்புச் சத்து மாத்திரை, பாஸ்பரஸ் குறைக்கும் மாத்திரை, காய்கறியைப் பயந்து ஒதுக்குவது எல்லாம் சேர்ந்து மலத்தை இறுக்கிவிடுகின்றன. மூன்று நாள் வயிறு போகவில்லை என்றால் ஒரு வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். லாக்டுலோஸ் போன்ற மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இசப்கோல் நிறையத் தண்ணீர் கேட்கும். அதனால் தானாகத் தொடங்காமல் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.

ஃபிஸ்டுலாவையும், அதாவது டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடத்தையும், சொல்ல வேண்டும். சாப்பாடு மாறவில்லை, நேரம் குறையவில்லை, வயிறும் சரியாகப் போகிறது, ஆனாலும் மாதாமாதம் பொட்டாசியம் ஏறுகிறது என்றால் ஃபிஸ்டுலாவில் இரத்த ஓட்டம் போதுமா, சுத்தமான இரத்தமே திரும்பத் திரும்ப மெஷினுக்குள் போகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லாப் பழியையும் நோயாளியின் நாக்கின் மேல் போடுவது சரியில்லை.

"நான் சாப்பிட்டுட்டு வந்துடறேன், நீங்க மெஷின்ல முழுசா எடுத்துடுங்க" என்று சிலர் பேரம் பேசுவதுண்டு. டயாலிசிஸ் திரவத்திலும் கொஞ்சம் பொட்டாசியம் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் லிட்டருக்கு 2 மில்லிமோல் அளவில். அதை ஒரேயடியாகக் குறைத்து இரத்தத்திலிருந்து வேகமாக இழுத்தால், அந்தத் திடீர் இறக்கமே இதயத் துடிப்பைக் குலைக்கும். ஏறுவதைப் போலவே வேகமாக இறங்குவதும் ஆபத்துதான்.

ரிப்போர்ட்டில் என்ன பார்ப்பது

மில்லிமோல், மில்லி ஈக்விவலன்ட் என்று எந்த அலகில் போட்டிருந்தாலும் பொட்டாசியத்துக்கு எண் ஒன்றுதான். பொதுவாக 3.5 முதல் 5 வரை இயல்பு. டயாலிசிஸ் நோயாளிக்கு, மெஷினில் போடுவதற்கு முன் எடுத்த இரத்தத்தில் 4 முதல் 5.5 வரை இருந்தால் நிம்மதி. 5.5-ஐத் தாண்டினால் சாப்பாடு, மருந்து, வயிறு எல்லாவற்றையும் திரும்பிப் பார்க்க வேண்டும். 6-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் அன்றைக்கே பேச வேண்டும். 6.5 என்றால் ஆள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாலும் அவசரம்தான்.

சில நேரம் எண் பொய் சொல்லும். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, முஷ்டியை மூடி மூடித் திறக்கச் சொல்லி, மெல்லிய ஊசியில் சிரமப்பட்டு எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்தால், உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே வந்து ரிப்போர்ட்டில் ஏறி நிற்கும். லேபுக்குத் தாமதமாகப் போனாலும் அப்படி ஆகும். அதற்காக 6.8 என்று வந்த ரிப்போர்ட்டை "லேப் தப்பாத்தான் இருக்கும்" என்று மடித்து வைத்துவிடக் கூடாது. உடனே இசிஜி எடுத்து, மறுபடி இரத்தம் எடுத்த பிறகு அதை முடிவு செய்யலாம்.

குறைவாக இருந்தால் நல்லது என்ற நினைப்பும் வேண்டாம். பயத்தில் சாப்பாட்டையே குறைத்துவிட்ட வயதானவர்களுக்குப் பொட்டாசியம் 3-க்கு அருகில் இறங்குவதுண்டு. அதுவும் இதயத்துக்கு நல்லதில்லை. வயிற்றில் திரவம் விட்டுச் செய்யும் பெரிட்டோனியல் டயாலிசிஸில் தினமும் பொட்டாசியம் வெளியேறிக்கொண்டே இருக்கும். அவர்களில் பலருக்குப் பொட்டாசியம் குறைந்துபோவதுதான் பிரச்சினை. அங்கே டாக்டரே வாழைப்பழம் சாப்பிடச் சொல்லலாம். பக்கத்து வீட்டு டயாலிசிஸ் நோயாளியின் பட்டியலைக் கடன் வாங்குவதற்கு முன் அவர் எந்த வகை டயாலிசிஸ் செய்கிறார் என்றாவது கேளுங்கள்.

சமையலறையில்

கையில் தரும் பட்டியலில் "தவிர்க்க", "சாப்பிடலாம்" என்று இரண்டு பத்தி இருக்கும். அதைவிட அளவு தெரிவது பயன்படும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 400 மில்லிகிராம் அளவு பொட்டாசியம். சின்ன ஏலக்கிப் பழத்தில் அதில் பாதிகூட இருக்காது, அளவு சிறியது என்பதால் மட்டும். 100 கிராம் உருளைக்கிழங்கில் 400, கொய்யாவில் 400-க்கு மேல், பலாச்சுளையில் 450, பேரீச்சையில் 650, தக்காளியில் 240. ஆப்பிள், அன்னாசி, பேரிக்காய் மூன்றும் 110 பக்கம். பப்பாளியும் ஆரஞ்சும் 180 என்று நடுவில் நிற்கின்றன. அதனால் ஒரு சின்ன ஆப்பிள், இரண்டு துண்டு அன்னாசி என்று அளவோடு இருந்தால் பெரும்பாலானோருக்குப் பழம் என்பதே இல்லாமல் போக வேண்டியதில்லை. ஆனால் ஜூஸ் ஆக்கினால் மூன்று பழம் ஒரு டம்ளரில் அடங்கிவிடும். குடிக்க வேண்டிய தண்ணீர் அளவிலும் அது கைவைக்கும்.

இப்போது எல்லோரும் திட்டும் வெள்ளை அரிசி இங்கே நண்பன். 100 கிராம் சோற்றில் பொட்டாசியம் 35 மில்லிகிராம்தான் தேறும். உடம்புக்கு நல்லது என்று ராகிக் கஞ்சிக்கு மாறினால், 100 கிராம் ராகி மாவில் 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கம்பும் கோதுமை மாவும் அதிகம்தான். "வெள்ளைச் சோற்றை விடு, சிறுதானியத்துக்கு மாறு" என்ற அறிவுரை மற்றவர்களுக்குச் சரியாக இருக்கலாம். டயாலிசிஸ் நோயாளி அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை நோய் இருப்பவர் சோற்றின் அளவைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொட்டாசியம் தண்ணீரில் கரையும். இதுதான் சமையலறையில் இருக்கும் ஒரே பெரிய ஆயுதம். காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். உருளைக்கிழங்கைத் துண்டாக்கி வேகவைத்துப் பார்த்த சோதனையில் பாதிப் பொட்டாசியம் போனது; துருவி வேகவைத்தபோது முக்கால் பங்கு வரை போனது. வெறுமனே ஊறவைத்தபோது பெரிதாக ஒன்றும் குறையவில்லை. ராத்திரி முழுக்க ஊறப்போட்டுவிட்டு, காலையில் அப்படியே எண்ணெயில் வதக்கினால் பலன் இல்லை. ஆவியில் வேகவைப்பதும், குக்கரில் கொஞ்சத் தண்ணீர் விட்டு அது முழுக்கச் சுண்ட வைப்பதும் பொட்டாசியத்தை உள்ளேயே நிறுத்தும். சோற்றை வடிப்பது நல்ல பழக்கம். வடித்த கஞ்சியை உப்புப் போட்டு அதே ஆளுக்குக் கொடுத்துவிடாமல் இருக்க வேண்டும். கீரைக்கும் இதே வழிதான். "சத்து போயிடுமே" என்று பாட்டி வருத்தப்படுவார். இங்கே போக வேண்டியதே அதுதான்.

இதன் மறுபக்கம்தான் பலர் கவனிக்காதது. வெளியே வந்த பொட்டாசியம் தண்ணீரில் இருக்கிறது என்றால், ரசமும் சாம்பாரும் சூப்பும் என்ன? பருப்புத் தண்ணீரில் தக்காளியையும் புளியையும் கரைத்துக் கொதிக்கவைத்த ரசம், காய்ச்சல்காரனுக்கு அமுதமாக இருக்கலாம். டயாலிசிஸ் நோயாளிக்கு அது பொட்டாசியம் கரைந்த டம்ளர். குழம்பில் இருக்கும் காய்த் துண்டுகளை எடுத்துச் சாப்பிட்டு, குழம்பைக் கொஞ்சமாக விட்டுக்கொள்வது ஒரு நடுவழி. ஆட்டுக்கால் சூப், முருங்கைக்கீரை சூப், வாழைத்தண்டுச் சாறு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். வாழைத்தண்டும் நெருஞ்சிலும் "கிட்னிக்கு நல்லது" என்று பெயர் வாங்கியவை. கல் உள்ளவருக்காகச் சொல்லப்படும் அந்த வைத்தியத்தைச் சிறுநீரே போகாதவருக்குக் கொடுத்தால் போய்ச் சேர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். ஆப்பிள், பீட்ரூட், கேரட் போட்டு அடிக்கும் ஏபிசி ஜூஸும் அப்படித்தான். பீட்ரூட்டிலும் கேரட்டிலும் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பொட்டாசியத்தோடு சம்பந்தம் இல்லை என்றாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நட்சத்திரப் பழம் ஒரு துண்டுகூட வேண்டாம். அதில் இருக்கும் ஒரு நச்சு சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும்.

பருப்பைப் பற்றிக் கொஞ்சம் நிதானம் வேண்டும். துவரம்பருப்பில் பொட்டாசியம் அதிகம் என்பது உண்மை. ஆனால் டயாலிசிஸில் புரதமும் கொஞ்சம் வெளியேறிவிடும். அதனால் அவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். பருப்பையும் நிறுத்தி, பாலையும் நிறுத்தி, மீனையும் நிறுத்தினால் ஆள் தசை கரைந்து மெலிவார். கரையும் தசையிலிருந்தும் பொட்டாசியம்தான் வெளிவரும். முட்டையின் வெள்ளைக்கரு ஒன்றில் 50 மில்லிகிராம் பொட்டாசியம்தான், புரதமோ மூன்றரை கிராம். முட்டை சாப்பிடுகிறவருக்கு இதைவிட வசதியான பொருள் இல்லை. சைவக்காரர்கள் பருப்பை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அளவோடு சேர்த்துக்கொள்ளலாம்.

உப்புதான் மறைந்திருக்கும் ஆபத்து. பிரஷருக்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்புகளில், குறைத்த சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். பொட்டாசியம் குளோரைடின் எடையில் பாதிக்கு மேல் பொட்டாசியமே. 30 சதவீதம் அது கலந்த உப்பை நாளுக்கு 5 கிராம் சாப்பிட்டால் 780 மில்லிகிராம், அதாவது தினம் ஒரு இளநீர் குடித்ததைவிட அதிகம். இளநீரைத் தொடவே தொடாத வீட்டில் இந்த உப்பு டப்பா இருக்கலாம். இந்துப்பு இன்னொரு கதை. அது சிறுநீரகத்துக்கு மருந்து என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாறையிலிருந்து எடுக்கும் இந்துப்பில் மிகப் பெரும்பகுதி சாதாரண உப்பான சோடியம் குளோரைடுதான். தாகத்தையும் பிரஷரையும் அதே அளவு ஏற்றும். எந்த உப்பானாலும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பாக்கெட் உணவுகளிலும் ஐ.என்.எஸ். 508 என்றிருந்தால் பொட்டாசியம் குளோரைடு, 340 என்றிருந்தால் பொட்டாசியம் பாஸ்பேட். காயிலும் பழத்திலும் இருக்கும் பொட்டாசியம் முழுதாக உடம்பில் சேர்வதில்லை. இப்படிச் சேர்க்கப்பட்டது ஏறக்குறைய முழுதும் சேர்ந்துவிடும்.

காய், பழம் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகத் தடை என்ற பழைய முறையைச் சிறுநீரக மருத்துவர்களே இப்போது தளர்த்தி வருகிறார்கள். அமெரிக்கச் சிறுநீரக அறக்கட்டளையின் 2020 வழிகாட்டி, ஆளுக்கு ஆள் எண்ணைப் பார்த்துச் சாப்பாட்டை மாற்றச் சொல்கிறதே தவிர எல்லோருக்கும் ஒரே கட்டுப்பாட்டை வைக்கவில்லை. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. நாலு மாதமாக 4.8 என்றே வருபவர் தக்காளியைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் 6-ஐத் தொடுபவர் "ஒரு நாள்தானே" என்று சொல்லவும் முடியாது.

டயாலிசிஸ் ஓடும்போது முதல் மணி நேரத்தில் பழம் சாப்பிடலாம் என்று பல யூனிட்டில் அனுமதிக்கிறார்கள். சாப்பிட்டது குடலில் இறங்கி இரத்தத்தில் சேர நேரம் பிடிக்கும். அதனால் எல்லாமும் அங்கேயே போய்விடாது. ஆசைக்கு ஒரு துண்டு என்றால் சரி. மெஷினில் இருக்கும்போது வயிறு நிறையச் சாப்பிட்டால் சிலருக்கு பிரஷர் இறங்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தட்டில் இல்லாத காரணங்கள்

விரதம் இருந்தால் பொட்டாசியம் குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது தலைகீழ். சாப்பிடாமல் இருந்தால் இன்சுலின் இறங்கிவிடும். செல்லுக்குள் தள்ள ஆள் இல்லாமல் பொட்டாசியம் வெளியே கசியும். டயாலிசிஸ் நோயாளி ஒருவர் ஒரு பகல், ஓர் இரவு பட்டினி கிடந்தாலே எண் ஏறலாம். சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ, இருக்க விரும்புகிறவர் முன்கூட்டியே நெஃப்ராலஜிஸ்டிடம் (சிறுநீரக மருத்துவரிடம்) பேசிவிட வேண்டும். அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லும்போதும் டயாலிசிஸ் நோயாளி என்பதை நினைவுபடுத்த வேண்டும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறினாலும் இதே கதைதான்.

பொட்டாசியத்தை ஏற்றும் மருந்துகளில் முக்கியமானவை பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனாலபிரில், ராமிப்ரில் வகைகள், ஸ்பைரோனோலாக்டோன், புரோபிரனலால், கோட்ரைமாக்சசோல் ஆன்டிபயாட்டிக், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள். இவற்றில் சில இதயத்தைக் காப்பாற்றுவதற்காகவே தரப்படுகின்றன. தானாக நிறுத்தினால் வேறு வம்பு வரும். "எனக்குப் பொட்டாசியம் இவ்வளவு வந்திருக்கு, இந்த மாத்திரையைத் தொடரலாமா?" என்று கேட்பதுதான் வழி. மெடிக்கல் ஷாப்பில் நீர்க்கடுப்புக்கும் கல்லுக்கும் எடுத்துக் கொடுக்கும் சிரப்புகளில் சிலவற்றில் பொட்டாசியம் சிட்ரேட் இருக்கும். ஓஆர்எஸ் பொடியிலும் பொட்டாசியம் உண்டு. வயிற்றுப்போக்கு என்றால் அதைக் கரைத்துக் கொடுக்கும் முன் யூனிட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றும் பொடிகள் இருக்கின்றன. நம் ஊரில் அதிகம் எழுதித் தருவது கால்சியம் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் பாக்கெட். தண்ணீரில் கலந்தால் மணல் போல இருக்கும், வாய்க்குப் பிடிக்காது, மலச்சிக்கலும் தரும். சோடியம் சிர்கோனியம் சைக்ளோசிலிகேட் என்ற புதிய மருந்தை டயாலிசிஸ் இல்லாத நாள்களில் மட்டும் கொடுத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளியாகி, நீண்ட இடைவெளிக்குப் பின்னும் பலருக்குப் பொட்டாசியம் கட்டுக்குள் நின்றதைக் காட்டியது. விலைதான் தடை. எந்தப் பொடியானாலும் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கக் கூடாது, அவற்றையும் பிடித்துக்கொள்ளலாம்; எவ்வளவு நேரம் இடைவெளி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு இவை உதவாது, வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும்.

அவசரம் என்றால்

கால் தூக்க முடியாமல் கனப்பது, உடம்பு முழுக்கத் தசை தளர்வது, வாயைச் சுற்றியும் விரலிலும் மரத்துப்போவது, நெஞ்சு படபடப்பது அல்லது நாடி மிகவும் மெதுவாவது, தலை கிறுகிறுத்து மயக்கம் வருவது: இவை எச்சரிக்கை. ஆனால் பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே 7 வரை ஏறியிருக்கும். இசிஜிகூடச் சில நேரம் சாதாரணமாகத் தெரியும். அதனால் ஒரு டயாலிசிஸ் தவறிப்போய், அதோடு ஏதோ சரியில்லை என்று தோன்றினாலே போதும், காத்திருக்க வேண்டாம்.

மருத்துவமனையில் முதலில் கால்சியம் குளூக்கோனேட் ஊசி போடுவார்கள். அது பொட்டாசியத்தைக் குறைக்காது. அரை மணி, ஒரு மணி நேரம் இதயத்துக்குக் காவல் நிற்கும். அடுத்து இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்து ஏற்றுவார்கள், சால்புடமால் நெபுலைசர் வைப்பார்கள். இவை பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். சில மணி நேரத்தில் அது திரும்பி வரும். இன்சுலின் போட்ட பிறகு சர்க்கரை தாழாமல் இருக்கப் பல மணி நேரம் அடிக்கடி சோதிக்க வேண்டும். உடம்பை விட்டு உண்மையாக வெளியேற்றுவது டயாலிசிஸ்தான். "ஊசி போட்டதும் இறங்கிடுச்சு, வீட்டுக்குப் போகலாம்" என்று யாராவது கிளம்பச் சொன்னால், டயாலிசிஸ் எப்போது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதனால் அந்த நேரத்தில் போகும் இடம் டயாலிசிஸ் வசதி உள்ள மருத்துவமனையாக இருப்பது நல்லது. 108-ல் ஏறும்போதே சொல்லிவிடலாம். அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டருக்கு இவரை முன்பின் தெரியாது. டயாலிசிஸ் நோயாளி, கடைசியாக எந்த நாள், எத்தனை மணி நேரம் ஓடியது, கடைசி பொட்டாசியம் எவ்வளவு, என்னென்ன மாத்திரை, ஃபிஸ்டுலா எந்தக் கையில் இருக்கிறது என்ற விவரங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நோயாளியின் பர்ஸில் வைத்திருங்கள். அந்தக் கையில் ஊசியோ பிரஷர் பட்டையோ போட விடாதீர்கள்.